வீட்டு ஃப்ரீஸ் டிரையர்: தோட்டத்துக் காய்கனிகளைப் பத்திரப்படுத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட அமெரிக்காவில் கொல்லைப்புறத் தோட்டம் போடும் குடும்பங்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் திண்டாட்டம். தக்காளி, பீன்ஸ், வெண்டை, ஜுக்கினி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவியும். அடுத்த சில வாரங்களில் உறைபனி விழுந்தால் செடி கருகிவிடும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, ஊறுகாய் போட்டு, டீப் ஃப்ரீசரையும் நிரப்பிய பிறகு மிஞ்சுவதற்காகத்தான் பலர் ஃப்ரீஸ் டிரையரைப் (உணவை உறையவைத்து, காற்றை வெளியேற்றிக் காயவைக்கும் இயந்திரம்) பற்றி விசாரிக்கிறார்கள். யூட்டா மாநிலத்தின் ஹார்வெஸ்ட் ரைட் போன்ற நிறுவனங்கள் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் வகை இயந்திரத்தை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

வெயிலில் காயவைப்பதற்கும் டீஹைட்ரேட்டருக்கும் (சூடான காற்றில் காயவைக்கும் மின்பெட்டி) இதற்கும் என்ன வித்தியாசம்?

வெயிலிலும் டீஹைட்ரேட்டரிலும் நீர் திரவமாகவே துண்டின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. வரும் வழியில் சர்க்கரையையும் உப்பையும் இழுத்துக்கொண்டு வரும், செல்கள் சுருங்கும், துண்டு தோல்போல் ஆகும். வத்தலுக்கு அதுதான் வேண்டும். வத்தலின் ருசியே அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. ஃப்ரீஸ் டிரையரில் நீர் பனிக்கட்டியாகி, உருகாமலே நேராக ஆவியாகிறது. பனி இருந்த இடம் வெற்றிடமாக நிற்பதால் துண்டு தன் வடிவத்திலேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் பஞ்சுபோல உறிஞ்சும். வீட்டில் காயவைத்த பழங்களில் பெரும்பாலும் 20 சதவீதம் அளவுக்கு ஈரம் தங்கும். ஒழுங்காக முடிந்த ஃப்ரீஸ் டிரையிங்கில் 1 முதல் 3 சதவீதம்தான்.

மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி ஆகியவற்றுக்கு வெயில் போதும். அதற்காக இந்த இயந்திரத்தை வாங்க வேண்டாம்.

ஒரு தடவை ஓட ஆகும் சுமார் முப்பது மணி நேரமும் உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் இயந்திரத்தின் உள்ளறைச் சுவர் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்து உணவை உறையவைக்கும். பிறகு வாக்குவம் பம்ப் ஓடி உள்ளிருக்கும் காற்றை இழுக்கும். 6.1 மில்லிபாருக்குக் கீழே அழுத்தம் போனால் தண்ணீர் திரவமாக இருக்க முடியாது. பனியாக இருக்கும், இல்லையேல் ஆவியாக இருக்கும். வெளியே நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 1013 மில்லிபார். இயந்திரம் 500 மில்லிடார், அதாவது 0.67 மில்லிபார் அளவுக்கு இறங்கிய பிறகுதான் ட்ரேக்களைச் சூடாக்கத் தொடங்கும். உணவிலிருந்து கிளம்பும் நீராவி குளிர்ந்த சுவரில் மீண்டும் பனியாகப் படியும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த அழுத்தத்தில் ஆவியாகிக்கொண்டிருக்கும் பனியின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 25 டிகிரி. ட்ரே 50 டிகிரியில் சுட்டாலும், துண்டின் நடுவில் பனி இருக்கும்வரை நடு அந்தக் குளிரிலேயே நிற்கும். வெளிப்பக்கம் காயக் காய அந்தக் காய்ந்த அடுக்கே வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கும். அதனால்தான் கடைசிப் பத்து சதவீத ஈரம் போக இத்தனை நேரமாகிறது. கெட்டுப்போன பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கட்டத்தில் அவசரப்பட்டவைதான்.

விலை, மின்செலவு, வைக்கும் இடம்?

அளவைப் பொறுத்து சுமார் 2,000 முதல் 5,000 டாலர். நடுத்தர மாடலில் ஒரு தடவைக்கு நாலரை முதல் ஏழு கிலோ வரை பச்சைக் காய் போடலாம். நால்வர் குடும்பத்துக்கும் ஒரு நடுத்தரத் தோட்டத்துக்கும் அது சரியாக இருக்கும். சிறியதை வாங்கிவிட்டு ஆகஸ்ட் முழுக்க இரவு பகலாக ஓட்டி அலுத்துப்போகிறவர்கள் உண்டு.

ஒரு கிலோ பனியை ஆவியாக்க மட்டும் கிட்டத்தட்ட 0.8 யூனிட் வெப்பம் வேண்டும். அந்த ஆவியைப் பிடித்து மறுபடி உறையவைக்க கம்ப்ரஸர் உழைக்க வேண்டும். பம்ப்பும் இடைவிடாமல் ஓடும். இயந்திரம் சராசரியாக ஒரு கிலோவாட் இழுத்தால் 30 மணி நேரத்துக்கு 30 யூனிட். உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். பிளக்கில் செருகும் சின்ன மின்மீட்டர் ஒன்று வாங்கினால் உங்கள் வீட்டுக் கணக்கு துல்லியமாகத் தெரியும். வேறு எதுவும் ஓடாத தனி சர்க்யூட்டில் மாட்டுங்கள். பெரிய மாடல்களுக்கு 20 ஆம்பியர் சர்க்யூட் தேவை. எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது.

இயந்திரத்தை வைக்கும் அறை 24 டிகிரிக்குள் இருந்தால் நன்றாக ஓடும். டெக்சாஸில் ஜூலை மாதத்து கராஜில் வைத்தால் இயந்திரத்தின் உள்சுவர் போதிய அளவு குளிராது. படிந்த பனியே திரும்ப ஆவியாகி வாக்குவத்தைக் கெடுக்கும். இயந்திரம் வெளியிடும் சூட்டுக்கும் காற்றோட்டம் வேண்டும். பம்ப் சத்தம் ஒரு நாள் முழுக்கக் கேட்கும் என்பதால் படுக்கையறைக்குப் பக்கம் வேண்டாம். பேஸ்மென்ட் இருந்தால் அதுவே நல்ல இடம்.

ஊருக்கு எடுத்துப்போய் சென்னையிலோ கோவையிலோ ஓட்டலாமா?

அமெரிக்க மாடலை அப்படியே எடுத்துப்போக வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 110 ஆக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த கம்ப்ரஸரும் பம்ப் மோட்டாரும் மெதுவாகச் சுற்றி அதிகமாகச் சூடேறும். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பெயர்ப்பலகையிலேயே போட்டிருக்கும் இயந்திரம்தான் வேண்டும்.

அதற்கு மேல், கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் பெரிய தொல்லை. மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இதை ஓட்டுவது வீண். காய்ந்த துண்டு வெளிக்காற்றில் சில நிமிடம் இருந்தாலே நமுத்துவிடும். ஏசி அறையில் வைத்து, ஒரு ட்ரேயை எடுத்துப் பையில் போட்டு மூடிய பிறகே அடுத்த ட்ரேயை வெளியே எடுக்க வேண்டும். ஹியூஸ்டனிலும் மயாமியிலும் இருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

எதெல்லாம் காயாது?

கொழுப்பும் கெட்டியான சர்க்கரையும். நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய், நிலக்கடலை வெண்ணெய், சாக்லேட் இவற்றில் காயவைக்க நீரே சொற்பம். கொழுப்பு ஆவியாகாது, உருகி ட்ரேயில் வழியும், பம்ப் வரைக்கும் போகும். தேன், ஜாம், வெல்லப்பாகு ஆகியவை இந்தக் குளிரிலும் ஒழுங்காக உறையாமல் பிசின்போல இருக்கும். வாக்குவத்தில் நுரைத்துப் பொங்கும். அவகாடோ காயும், ஆனால் கொழுப்பு இருப்பதால் சில மாதங்களில் சிக்குவாடை வந்துவிடும். தேங்காய்த் துருவலுக்கும் அதே கதை.

காய்களை எப்படித் தயார் செய்வது? வெந்நீரில் போட்டெடுக்க (பிளாஞ்ச் செய்ய) வேண்டுமா?

பெரும்பாலான காய்களுக்கு வேண்டும். ஃப்ரீஸ் டிரையிங் என்சைம்களை அழிப்பதில்லை, தூங்கவைக்கிறது. கொஞ்சம் ஈரம் பட்டதும் அவை விழித்துக்கொண்டு நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். பிளாஞ்ச் செய்யாத பட்டாணி சில மாதத்தில் வைக்கோல் வாசனை அடிப்பது இதனால்தான்.

ஒரு கிலோ காய்க்கு எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். காயைப் போட்டதும் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கொதி வரவில்லை என்றால் காய் அதிகம் என்று அர்த்தம். பட்டாணி ஒன்றரை நிமிடம், வட்டமாக நறுக்கிய கேரட் இரண்டு, கீரை இரண்டு, பீன்ஸ் மூன்று, ஜுக்கினி வில்லைகள் மூன்று. பிஞ்சு வெண்டை முழுதாக மூன்று, பெரிய வெண்டை நான்கு. காம்பை மட்டும் சீவுங்கள், விதை தெரியும்படி வெட்டாதீர்கள், வெந்த பிறகு நறுக்குங்கள். கத்தரிக்காய் நான்கு நிமிடம். நான்கு லிட்டர் தண்ணீருக்கு அரை கப் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கறுக்காது. எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் அதே அளவு நேரம் போட்டு, நன்றாக வடியவிடுங்கள். துணியில் ஒற்றி எடுக்கும் ஒவ்வொரு சொட்டும் இயந்திரத்துக்கு மிச்சம்.

தக்காளி, வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பழங்கள் ஆகியவற்றுக்கு பிளாஞ்ச் வேண்டாம். ஆப்பிளையும் வாழையையும் நறுக்கியதும் எலுமிச்சைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

துண்டு ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குள், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு ட்ரேயில் நான்கு மில்லிமீட்டர் வில்லையும் இரண்டு சென்டிமீட்டர் கட்டியும் கலந்தால் கட்டிதான் நேரத்தைத் தீர்மானிக்கும். எந்த உணவும் ட்ரேயின் விளிம்புக்கு மேலே எழும்பக் கூடாது. தோலுள்ள பழங்களில் ஆவி வெளியேற வழி வேண்டும்: திராட்சையைப் பாதியாக வெட்டுங்கள், புளூபெரியைக் குத்துங்கள் அல்லது வெட்டுங்கள். செர்ரி தக்காளிக்கும் இதே முறைதான்.

கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிர்நாடுகளில் கறிவேப்பிலைச் செடி தொட்டியில்தான் வாழும். குளிர்காலத்துக்கு வீட்டுக்குள் கொண்டுவருமுன் கவாத்து செய்யும்போது கை நிறையக் கிடைக்கும். ஈர்க்கிலிருந்து இலையை உருவி, ஒரே அடுக்காகப் பரப்பி, ட்ரே வெப்பத்தை 38 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். வழக்கமான 52 டிகிரியில் மணம் அதிகம் பறக்கும். பச்சை நிறம் அப்படியே நிற்கும், இலை விரலில் நொறுங்கும். தாளிப்பில் போட்டால் நொடியில் கருகிவிடும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள்.

வெங்காயத்தையும் பூண்டையும் ஸ்ட்ராபெரியோடு ஒரே தடவையில் போடாதீர்கள். வாசனை பழத்தில் ஏறும். பச்சை மிளகாய் ஓடும்போது பம்ப் வெளியேற்றும் காற்றே நெடியடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முன்கூட்டியே டீப் ஃப்ரீசரில் உறையவைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் செய்தால் இயந்திரத்துக்குப் பல மணி நேர வேலை குறையும். கூடுதலாக ஒரு செட் ட்ரே வாங்கி, ஒன்று இயந்திரத்தில் ஓடும்போது அடுத்ததை ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். அடியில் பார்ச்மென்ட் தாளோ சிலிக்கோன் விரிப்போ போட்டால் துண்டு ஒட்டாது. ட்ரேயை வைக்குமுன் வெற்று இயந்திரத்தை அரை மணி நேரமாவது குளிரவிடுங்கள். இல்லாவிட்டால் உறைந்தது ஓரத்தில் உருகும்.

வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைவதால் பனிப் படிகங்கள் பெரிதாக வளரும். பெரிய படிகம் போன இடத்தில் பெரிய துவாரம் இருக்கும். ஆவி சுலபமாக வெளியேறும். காய் சீக்கிரம் காயும், ஆனால் ஊறவைத்த பிறகு கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கும். குழம்புக்குப் போகும் காய்க்கு அது ஒரு குறையே இல்லை.

இயந்திரம் "முடிந்தது" என்கிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். சென்சார் சொல்வது மொத்த நிலவரம்; நடு ட்ரேயின் நடுத் துண்டில் இன்னும் பனி இருக்கலாம். இந்த வேலையில் இயந்திரத்துக்கு அடுத்தபடி அவசியமான கருவி ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு. பத்து, இருபது டாலரில் கிடைக்கும்.

ட்ரேக்கள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே திறந்து பாருங்கள். வால்வை மெதுவாகத் திறந்து காற்றை விடுங்கள்; சட்டென்று திறந்தால் தூள் பறக்கும். ஒவ்வொரு ட்ரேயிலும் மிகத் தடிமனான துண்டை எடுத்து உடையுங்கள். காய்ந்த துண்டு பொரி போலச் சடக்கென்று முறியும், உள்நிறம் வெளிநிறத்தைவிட வெளிறி ஒரே சீராக இருக்கும். நடுவில் கொஞ்சம் அடர்ந்த புள்ளி தெரிந்தாலோ, உடைத்த இடத்தை உதட்டில் வைக்கும்போது குளிர்ந்தாலோ, உள்ளே பனி இருக்கிறது. வளைந்தால் சந்தேகமே வேண்டாம், ஈரம்தான்.

அடுத்தது எடை. ஒவ்வொரு ட்ரேயையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். திரும்ப உள்ளே வைத்து இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டி மறுபடி நிறுங்கள். இரண்டு கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். எடை அசையாமல் நின்ற பிறகே பையில் போட வேண்டும்.

தொடக்க எடை தெரிந்திருந்தால் கணக்காலும் பிடிக்கலாம். தக்காளியில் சுமார் 94 சதவீதம் நீர். ஒரு கிலோ போட்டால் திடப்பொருள் 60 கிராம். 3 சதவீத ஈரத்தோடு 62 கிராம் வர வேண்டும். தராசு 75 காட்டினால் அதில் 15 கிராம் தண்ணீர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கைக்கு மொறுமொறுப்பாகத் தெரிந்தாலும் அது அலமாரிக்குத் தகுதியில்லை. ஸ்ட்ராபெரியில் சுமார் 91, ஆப்பிளில் 85, பட்டாணியிலும் உருளையிலும் 79, முட்டையில் 76 சதவீதம் நீர். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும் என்பதால் கணக்கு துணைக்குத்தான். தீர்ப்பு இரண்டாவது எடைதான்.

மாம்பழமும் அன்னாசியும் பொங்கி வெடித்துவிட்டன. ஏன்?

சர்க்கரை அதிகமுள்ள சாறு முழுதாக உறையாமல் இருக்கும்போது பம்ப் ஓடினால், உறையாத பகுதி கொதித்து நுரைக்கும். ஃப்ரீசரில் இன்னும் நீண்ட நேரம் வையுங்கள். இயந்திரத்தில் உறையவைக்கும் நேரத்தை இரண்டு மூன்று மணி கூட்டுங்கள். ட்ரே வெப்பத்தை 38 டிகிரியில் தொடங்குங்கள். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். நாலு ட்ரேயும் அன்னாசியாக வைக்காமல் இரண்டில் பீன்ஸ் வைத்தால் சுமை சமப்படும். வெடித்ததைச் சுரண்டி எடுத்துக் காயவைத்துப் பொடித்தால் லஸ்ஸிக்கு ஆகும்.

வாக்குவம் வரவில்லை என்று இயந்திரம் நிற்கிறது.

சுலபமானதிலிருந்து பாருங்கள். வடிகால் வால்வு மூடியிருக்கிறதா? மறதியில் திறந்தே கிடப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். அடுத்து கதவு கேஸ்கெட் (விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்): ஒரு தலைமுடி, ஒரு துணுக்கு மிளகாய்விதை போதும் காற்று புக. ஈரத்துணியால் துடைத்து, கதவு வளையம் முழுக்க ஒரே சீராக ஒட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பம்ப் குழாயின் இரு முனையும் இறுக்கமா? ஆயில் மட்டம் கண்ணாடியில் இரு கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா?

இவை எல்லாம் சரி என்றால் இயந்திரத்தின் உள்ளறை ஈரமாக இருக்கலாம். முந்தைய பனியை முழுதாக உருக்கித் துடைக்காமல் அடுத்ததைத் தொடங்கினால் அந்தத் தண்ணீரே ஆவியாகி அழுத்தத்தை ஏற்றும். உள்ளறையைக் காயவைத்து, உணவில்லாமல் குளிர்வித்து, பம்ப்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெற்று அறையில் வாக்குவம் வந்தால் இயந்திரத்தில் பழுதில்லை. உணவு அதிகம், அல்லது சரியாக உறையவில்லை.

பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். டீஃப்ராஸ்ட் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். வடிகால் குழாயின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கியிருந்து, வால்வும் கசிந்தால் அழுக்குத் தண்ணீர் உணவறைக்குள் ஏறும்.

பம்ப் ஆயிலை எப்போது மாற்றுவது?

ஆயில் பம்ப் என்றால் நாலைந்து தடவைக்கு ஒருமுறை வடித்து, வடிகட்டி, திரும்ப ஊற்றலாம். இருபது தடவைக்குள் புதிது போடுங்கள். எண்ணிக்கையைவிட நிறம் முக்கியம். பால் கலந்ததுபோல் வெளுத்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. கறுத்தால் பழசு. இரண்டுக்கும் உடனே மாற்ற வேண்டும். ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால் அடியில் தங்கிய நீரும் சேர்ந்து வரும். வாக்குவம் பம்ப்புக்கான ஆயிலே ஊற்ற வேண்டும், கார் இன்ஜின் ஆயில் ஆகாது. ஆயில் இல்லாத பம்ப்பும் விற்கிறார்கள். விலை அதிகம், வேலை குறைவு.

எதில், எப்படி அடைப்பது?

காய்ந்த உணவுக்கு எதிரிகள் ஈரம், ஆக்சிஜன், வெளிச்சம். மைலார் பை (அலுமினியப் படலமுள்ள தடித்த பிளாஸ்டிக் பை) மூன்றையும் தடுக்கும். 5 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குக் குறையாமல், முடிந்தால் 7 மில் வாங்குங்கள். மெல்லிய பையை காய்ந்த பீன்ஸின் கூரான முனையே குத்திவிடும். ஜிப் லாக் பிளாஸ்டிக் பை சில நாளைக்குத்தான். அடிக்கடி எடுக்கிற கறிவேப்பிலை, தக்காளிப் பொடிக்கெல்லாம் கண்ணாடி மேசன் ஜாடி நல்லது, இருட்டான அலமாரியில்.

உணவோடு சேர்த்துப் போடும் ஆக்சிஜன் உறிஞ்சி பாக்கெட்டுக்குள் இருப்பது இரும்புத் தூள்; அது துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எத்தனை போடுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 சிசி ஆக்சிஜன். ஃப்ரீஸ் டிரை செய்த துண்டு உள்ளெல்லாம் துவாரம், அதனால் ஜாடி நிறைய இருந்தாலும் பெரும்பகுதி காற்றுதான். ஒரு லிட்டர் ஜாடிக்கு 300 சிசி பாக்கெட் ஒன்று. நாலு லிட்டர் பையைக் காற்றை அமுக்கி வெளியேற்றிய பிறகு 500 சிசி. அமுக்க முடியாமல் உப்பியிருந்தால் இரண்டு. அதிகம் போட்டால் கெடுதல் இல்லை. பாக்கெட் கட்டைத் திறந்த கால்மணி நேரத்துக்குள் பைகளை மூடிவிட்டு, மிஞ்சியதைச் சிறு ஜாடியில் இறுக்கி மூடுங்கள். வெளியே கிடந்து சூடேறி, தொட்டால் உள்ளே கட்டியாகத் தெரியும் பாக்கெட் தன் வேலையை முடித்துவிட்டது.

மைலாரின் வாயை ஹீட் சீலராலோ இஸ்திரிப்பெட்டியாலோ ஒட்டலாம். ஒட்டும் இடத்தில் தூள் இருந்தால் ஒட்டாது. துடைத்துவிட்டு, அரை அங்குல இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். மறுநாள் பார்த்தால் பை உள்வாங்கியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஓட்டை இருக்கலாம். பையின் மேல் காயின் பெயர், பிளாஞ்ச் செய்ததா, தேதி, பச்சை எடை, காய்ந்த எடை எல்லாம் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அரைகுறையாகக் காய்ந்த பீன்ஸையோ இறைச்சியையோ உறிஞ்சியோடு அடைத்தால், ஈரமும் உண்டு, ஆக்சிஜனும் இல்லை, புளிப்பும் இல்லை. பாட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அந்த நச்சு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. தராசைப் பற்றி இத்தனை சொன்னது இதற்காகத்தான். பையைத் திறக்கும்போது துண்டு வளைந்தால் சந்தேகத்தின் பலனைப் பைக்குக் கொடுக்காமல் குப்பையில் போடுங்கள்.

ஃப்ரீஸ் டிரையிங் கிருமிகளைக் கொல்லுமா? முட்டையும் இறைச்சியும் போடலாமா?

கொல்லாது. சால்மொனெல்லா, ஈ கோலை, லிஸ்டீரியா எல்லாம் இந்தக் குளிரையும் வறட்சியையும் தாங்கிக்கொண்டு, தண்ணீர் பட்டதும் மறுபடி வளரும். மருந்து ஆய்வகங்களில் கிருமிகளை உயிரோடு பாதுகாக்கவே ஃப்ரீஸ் டிரையிங் பயன்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். போடுமுன் பச்சையாக இருந்தது, பொடியான பிறகும் பச்சைதான்.

கோழி வளர்ப்பவர்கள் முட்டையை அடித்து ட்ரேயில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். அந்தப் பொடியை ஆம்லெட், கேக் என்று 71 டிகிரிக்கு மேல் சூடாகும் பண்டத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும். பையில் "பச்சை முட்டை" என்று பெரிதாக எழுதுங்கள். முட்டை ட்ரேயையும் உள்ளறையையும் சோப்புத் தண்ணீரால் கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைத்த பிறகே ஸ்ட்ராபெரி. ஒரு முட்டைக்கு 12 கிராம் பொடி, 38 மில்லி தண்ணீர். கோழிக்கறியை 74 டிகிரி வரை சமைத்து, கொழுப்பை வடித்து, சின்னதாகப் பிய்த்துப் போடுங்கள்.

சாம்பார், ரசம், சாதம்?

நன்றாக வரும். எண்ணெயில்தான் சிக்கல். தாளிக்காத சாம்பாரைக் கெட்டியாக வைத்து, ட்ரேயில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, உறையவைத்துப் போடுங்கள். தாளிப்பு சாப்பிடும் நேரத்துக்கு. தயிர்சாதமும் காயும். தேங்காய் அரைத்த குழம்பு காயும், ஆனால் சில மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உண்மையிலேயே 25 ஆண்டு இருக்குமா?

அது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. எல்லாம் சரியாக அமைந்தால், கொழுப்பில்லாத பொருளுக்கு. நீங்கள் எவ்வளவு நன்றாகக் காயவைத்தீர்கள், பை எவ்வளவு இறுக்கம், அலமாரி எவ்வளவு குளிர்ச்சி என்பதைப் பொறுத்தது. அடுத்த அறுவடை வரும்வரை சாப்பிடவே பத்திரப்படுத்துங்கள். வருஷா வருஷம் பழையதை முதலில் எடுத்துத் தீர்ப்பதே நல்ல பழக்கம்.

திரும்ப ஊறவைப்பது எப்படி?

பையில் எழுதிய இரண்டு எடைகளின் வித்தியாசம்தான் தேவையான தண்ணீர். குழம்பில் போடுவதாக இருந்தால் ஊறவைக்கவே வேண்டாம். கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். இறைச்சிக்குக் கொதிநீர் ஊற்றி மூடி வையுங்கள். ஊறிய உணவு புதிய உணவுக்குச் சமம்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். மூடியிருக்கும்வரை குளிர் சில மணி நேரம் தங்கும். மின்சாரம் வந்ததும் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உறையவைக்கும் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். பம்ப்பை மட்டும் உடனே ஓட்டினால் உருகிய சாறு நுரைத்துவிடும். நேரம் அதிகமாகிவிட்டதென்றால் திறந்து, துண்டு இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். உருகிய பழத்தையும் தக்காளியையும் உடனே ஃப்ரீசரில் போட்டு மறுபடி ஓட்டலாம்; வடிவம் குலையும், பொடியாக அரைத்துக்கொள்ளலாம். முட்டை, இறைச்சி, சமைத்த உணவு ஆகியவை உருகி 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்திருந்தாலோ, எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாவிட்டாலோ கொட்டிவிடுங்கள்.